முதல் நொதியை யார் செய்தார்கள்? ஆர்.என்.ஏ. பற்றி ஒரு மாணவியின் கேள்வி

வகுப்பறை | திங்கள், மாலை 6.10

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் டி.என்.ஏ. இரட்டிப்பாதல் பாடம். பாலிமரேஸ் நொதி இழைமேல் நகர்ந்து எதிரிழையைக் கட்டுவதைக் கரும்பலகையில் வரைந்துவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், டி.என்.ஏ.வைப் படியெடுக்க நொதி வேண்டும். நொதி ஒரு புரதம். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு டி.என்.ஏ.வில் இருக்கிறது. அப்படியென்றால் முதல் நொதியை யார் செய்தார்கள்?"

மரம் முந்தியா, வித்து முந்தியா என்று சிறு வயதில் நாம் எல்லோரும் கேட்டதுதான். ஆனால் இவள் பாடத்தின் ஒவ்வொரு படியையும் பிடித்துக்கொண்டு ஏறி வந்து கேட்டாள். டி.என்.ஏ.வுக்கும் புரதத்துக்கும் முன்பு ஆர்.என்.ஏ. இருந்தது, செய்தியைச் சுமந்ததும் வேலையைச் செய்ததும் அதுவே என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னேன். "அதை யாராவது பார்த்திருக்கிறார்களா டீச்சர்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். எது சோதனைக் குழாயில் கண்ணால் கண்டது, எது அதிலிருந்து பின்னோக்கிப் போட்ட கணக்கு என்று எனக்குப் பிரித்துச் சொல்லுங்கள். அவளிடம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

நுண்ணோக்கி | திங்கள், இரவு 9.42

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் ஆர்.என்.ஏ. ஆய்வுக்கூடத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கண்ணால் கண்டதிலிருந்து தொடங்குகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் பிரித்துப் படிகமாக்கினார். அது புரதம். அதன்பின் கிடைத்த நொதிகளெல்லாம் புரதமாகவே இருந்ததால் 'நொதி என்றால் புரதம்' என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஐயத்துக்கு இடமில்லாத பாடமாகிவிட்டது. இடையில், 1960களின் கடைசியில், கார்ல் வோஸ், ஃபிரான்சிஸ் கிரிக், லெஸ்லி ஆர்கெல் மூவரும் தனித்தனியே "ஆர்.என்.ஏ.வே நொதியாக இருந்திருக்கலாமே" என்று எழுதினார்கள். அப்போது அது வெறும் யோசனை. கையில் ஒரு சான்றும் இல்லை.

சான்று கிடைத்தது தேடாத இடத்தில். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் செக் என்பவர் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். குளத்து நீரில் நீந்தித் திரிவது. செல்லில் புரதம் கோக்கும் எந்திரமான ரைபோசோமுக்குரிய ஆர்.என்.ஏ. மரபணு அதன் ஒரு செல்லுக்குள் ஏறத்தாழ 10,000 நகல்களாகப் பெருகி இருக்கும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த மரபணுவின் நடுவே இன்ட்ரான் என்னும் வேண்டாத துண்டு ஒன்று உண்டு, சுமார் 400 எழுத்து நீளம் (ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும், அதாவது நியூக்ளியோடைடும், ஓர் எழுத்து). ஆர்.என்.ஏ. உருவானதும் அந்தத் துண்டு வெட்டியெறியப்பட்டு இருபுறமும் ஒட்டப்படுகிறது. வெட்டி ஒட்டும் நொதி எது என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் நோக்கம்.

ஒரு குழாயில் ஆர்.என்.ஏ.வோடு செல்லின் உட்கருச் சாற்றைச் சேர்த்தார்கள். ஒப்பீட்டுக்காக இன்னொரு குழாயில் சாறு சேர்க்காமல் வைத்தார்கள். சாறு சேர்த்த குழாயில் இன்ட்ரான் வெளியே வந்திருந்தது. சாறு சேர்க்காத குழாயிலும் வந்திருந்தது! சோதனையைச் செய்த சகாவிடம் "குழாயை மாற்றிப் போட்டிருப்பீர்கள்" என்றே செக் சொன்னாராம். திரும்பச் செய்தார்கள். மீண்டும் அதே விடை.

இங்கேதான் எனக்கு அவர்கள்மேல் பெரும் மதிப்பு. ஆர்.என்.ஏ. தன்னைத் தானே வெட்டுகிறது என்று அன்றே அறிவித்திருக்கலாம். அறிவிக்கவில்லை. ஏதோ ஒரு புரதம் ஆர்.என்.ஏ.வோடு இறுக ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று தங்களையே சந்தேகித்தார்கள். கொதிக்க வைத்தார்கள். சோப்பு போன்ற வேதிப்பொருளில் கலக்கினார்கள். புரதத்தைச் செரிக்கும் நொதிகளை விட்டார்கள். எதற்கும் அசையவில்லை. கடைசியாக அந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வளர்த்து, அங்கிருந்து டி.என்.ஏ.வைச் சுத்தமாக எடுத்து, பாக்டீரியாவின் பாலிமரேஸைக் கொண்டு குழாயிலேயே ஆர்.என்.ஏ. செய்தார்கள். இந்த ஆர்.என்.ஏ. டெட்ராஹைமினாவின் செல்லுக்குள் ஒரு நொடிகூட இருந்ததில்லை. அந்தச் செல்லின் புரதம் ஒட்டிக்கொள்ள வழியே இல்லை. மெக்னீசியமும், ஆர்.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான குவானோசினும் கலந்த கரைசலில் அது தன் இன்ட்ரானைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது. 1982இல் கட்டுரை வெளிவந்தது. நொதியாக வேலைசெய்யும் ஆர்.என்.ஏ.வைக் குறிக்கும் ரைபோசைம் என்ற சொல்லும் அதில்தான் பிறந்தது.

டீச்சர், இது கண்டது. உலகின் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்டது.

மருதநிலம் | திங்கள், இரவு 11.05

நாற்பது ஆண்டு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். நுண்ணோக்கி அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துகிறார். நொதி என்றால் வினையூக்கி. வினையூக்கி என்பது வினை முடிந்தபின் பழைய நிலைக்கே மீண்டு, அடுத்த மூலக்கூறின்மேல் அதே வேலையைச் செய்ய வேண்டும். செக் கண்ட ஆர்.என்.ஏ. தன்னையே ஒருமுறை வெட்டிக்கொள்கிறது. அதோடு அதன் கதை முடிந்தது. என் மாணவன் விடைத்தாளில் இதை வினையூக்கி என்று எழுதியிருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன். வகுப்பறை டீச்சர் தம் மாணவிக்கு இந்த வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்.

நுண்ணோக்கி | செவ்வாய், காலை 7.20

ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். அன்று வேதியியலாளர்கள் எழுப்பிய தடையும் இதுதான். அதற்கு விடை மறு ஆண்டே வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

யேல் பல்கலைக்கழகத்தில் சிட்னி ஆல்ட்மன் 'ஆர்.என்.ஏ.ஸ் பி' என்ற நொதியை ஆராய்ந்துவந்தார். ரைபோசோமுக்கு அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ. உருவாகும்போது அதன் முன்முனையில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டுவது இந்த நொதியின் வேலை. எஷரிச்சியா கோலை பாக்டீரியாவில் இதற்கு இரண்டு பாகங்கள்: 377 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ., கூடவே ஒரு சின்னப் புரதம். வெட்டுவது புரதம்தான், ஆர்.என்.ஏ. வெறும் தாங்குகட்டை என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1983இல் ஆல்ட்மனும் நார்மன் பேஸும் அவர்கள் குழுவினரும் சேர்ந்து காட்டினார்கள்: மெக்னீசியம் கூடுதலாக உள்ள கரைசலில் ஆர்.என்.ஏ. மட்டுமே போதும். அது வெட்டும், விடும், அடுத்ததைப் பிடிக்கும், மீண்டும் வெட்டும். தான் மாறுவதில்லை. புரதம் மட்டும் தனியே வைத்தால் ஒன்றும் நடக்காது. நீங்கள் கேட்கும் இலக்கணத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிற வினையூக்கி.

1986இல் செக்கின் குழுவும் அந்த இன்ட்ரானைச் சற்றுக் குறுக்கி, பிற ஆர்.என்.ஏ. துண்டுகள்மேல் மறுபடி மறுபடி வேலைசெய்யும் உண்மையான நொதியாக அதை மாற்றிக் காட்டியது. 1989இல் செக்குக்கும் ஆல்ட்மனுக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே, ஐயா, 1982க்கு நீங்கள் குறைத்த மதிப்பெண்ணை 1983க்குத் தந்துவிடலாம்.

மருதநிலம் | செவ்வாய், காலை 8.02

தருகிறேன், முழுமையாக. வினையூக்கி என்பதை ஏற்கிறேன். உயிரின் தொடக்கம் என்ற பேச்சுக்கு வரும்போது திரும்ப வருகிறேன்.

தில்லைவாசல் | செவ்வாய், பகல் 1.15

இதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் சொல்லவில்லையே! சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்தான் ரைபோசோமே ஒரு ரைபோசைம் என்று கண்டுபிடித்து 2009இல் நோபல் வாங்கினார். டீச்சர், வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஊக்கமாக இருக்கும்.

அலைமகள் | செவ்வாய், மாலை 4.48

தில்லைவாசல் அண்ணா, வெங்கி பிறந்தது சிதம்பரத்தில்தான், 1952இல். ரைபோசோமுக்காக நோபல் பெற்றதும் உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கண்டுபிடிப்பு அவருடையது அன்று. பிள்ளைகளிடம் போகும் செய்தி என்பதால் திருத்துகிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

ரைபோசோமுக்குப் பெரிய பகுதி, சிறிய பகுதி என இரண்டு உண்டு. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்குகிற பிணைப்பு பெரிய பகுதிக்குள் நடக்கிறது. வெங்கியின் குழு கேம்பிரிட்ஜில் விடுவித்தது சிறிய பகுதியின் அமைப்பை. தூது ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்துக் குறியும் கடத்து ஆர்.என்.ஏ.வும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று சோதிப்பது அந்தப் பகுதி. அந்தச் சோதனையைச் செய்யும் விரல்களும் ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளே என்று அவர் குழு காட்டியது. என் கண்ணுக்கு அது எந்த விதத்திலும் சிறிய கண்டுபிடிப்பன்று.

பெரிய பகுதியின் கதை வேறு. 1992இல் ஹாரி நோலர், வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமை எடுத்துப் புரதம் செரிக்கும் நொதி, சோப்பு, ஃபீனால் எல்லாவற்றாலும் உரித்தார். அதன் பிறகும் அது பிணைப்பை உண்டாக்கியது. ஆனால் கொஞ்சம் புரதத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டே இருந்தன. எனவே முடிவாகச் சொல்ல முடியவில்லை. 2000இல் யேலில் தாமஸ் ஸ்டைட்ஸும் பீட்டர் மூரும், உப்பு மிகுந்த சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் பெரிய பகுதியை 2.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) நுட்பத்தில் படம்பிடித்தார்கள். பிணைப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குப் புரதமே இல்லை. சுற்றிலும் ஆர்.என்.ஏ. மட்டும். ஸ்டைட்ஸ், அடா யோனத், வெங்கி மூவருக்கும் அந்தப் பரிசு பகிரப்பட்டது.

இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லியில் இருந்த உளுந்துப் புரதம், அதைச் செரித்த நொதி, இதைப் படிக்கும் உங்கள் கண்ணின் புரதம் அனைத்தையும் கோத்தது ஆர்.என்.ஏ. எனக்கு இதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை.

தில்லைவாசல் | செவ்வாய், மாலை 5.30

திருத்தியதற்கு நன்றி அம்மா. இனி சரியாகச் சொல்வேன். சிறிய பகுதி, குறியைச் சரிபார்க்கும் ஆர்.என்.ஏ. எழுதி வைத்துக்கொண்டேன்.

கரையோரம் | செவ்வாய், இரவு 8.11

இளநிலை இரண்டாமாண்டு மாணவன். ஓர் ஐயம். டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தானே? ஒன்றால் முடிவது மற்றொன்றால் ஏன் முடியாது?

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9.30

தம்பி, இரண்டு காரணங்கள்.

டி.என்.ஏ. செல்லுக்குள் பெரும்பாலும் இரட்டை இழையாகவே இருக்கிறது. தன் இணையோடு நீளநெடுகப் பிணைந்த கயிறு வேறு உருவம் எடுக்க இடமில்லை. ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. இணை தேடித் தன்மேலேயே மடிகிறது. எங்கெங்கோ கொண்டைபோல் வளைந்து, குழிகளும் பள்ளங்களுமாக ஓர் உருவம் பெறுகிறது. ஆனால் அதன் முதுகெலும்பு முழுவதும் எதிர்மின் சுமை. ஒன்றையொன்று தள்ளும். அந்த இடத்தில் மெக்னீசியம் வந்து நிற்கிறது, முறைத்துக்கொண்டிருக்கும் பங்காளிகளுக்கு நடுவே வந்து உட்காரும் ஊர்ப் பெரியவரைப் போல. மேலே எல்லாச் சோதனைகளிலும் மெக்னீசியம் வந்தது அதனால்தான்.

இரண்டாவது, சர்க்கரையின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி. ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையான ரைபோஸில் இருக்கிறது, டி.என்.ஏ.வின் சர்க்கரையில் இல்லை. உருவத்தைத் தாங்கும் புதிய பிணைப்புகளுக்கு அது உதவுகிறது. சில ரைபோசைம்களில் அதுவே நேராக அடுத்துள்ள பாஸ்பேட்டைத் தாக்கி இழையை வெட்டுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் டெல்டா வைரஸிலும், வெண்ணெய்ப்பழ மரத்தைத் தாக்கும் ஒரு வைராய்டிலும் (வெறும் ஆர்.என்.ஏ.வாலான நோய்க்காரணி) இப்படிப்பட்ட ரைபோசைம்கள் இருக்கின்றன.

அதே ஹைட்ராக்சில்தான் ஆர்.என்.ஏ.வைச் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளாகவும் ஆக்குகிறது. கொஞ்சம் காரம் பட்டாலே இழை அறுந்துவிடும். நம் விரல் நுனியிலும் ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதிகள் உண்டு. பயிற்சிக் காலத்தில் கையுறை இல்லாமல் ஒரு குழாயின் மூடியைத் தொட்டு, மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த ஆர்.என்.ஏ.வை ஒரே பிற்பகலில் இழந்தேன். அன்றிலிருந்து இந்த மூலக்கூறின்மேல் எனக்கு ஒரு பரிவு உண்டு.

சோதனைக் குழாயில் டி.என்.ஏ.வையும் வினையூக்கியாக்க முடியும் என்று 1994இல் ரொனால்டு பிரேக்கரும் ஜெரால்டு ஜாய்ஸும் காட்டினார்கள். அப்படி ஒன்றை எந்த உயிரினமும் வைத்திருப்பதாக இதுவரை கண்டதில்லை.

மருதநிலம் | புதன், காலை 6.15

இப்போது என் முறை. கண்டதை ஒப்புக்கொண்டேன். அதிலிருந்து "400 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆர்.என்.ஏ. உலகம் இருந்தது" என்று தாவுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். வால்டர் கில்பர்ட் 1986இல் அந்தப் பெயரை வைத்தார். ஒரு பக்கக் கட்டுரை. பெயர் அழகாக இருந்ததால் கருத்து வேகமாகப் பரவிவிட்டது.

வேதியியலைப் பாருங்கள். ஆர்.என்.ஏ.வுக்கு முதலில் ரைபோஸ் வேண்டும். பார்மால்டிஹைடிலிருந்து சர்க்கரை உண்டாக்கினால் பற்பல விதச் சர்க்கரைகள் சேர்ந்து பாகாக வரும். அதில் ரைபோஸ் ஒரு துளி. வந்ததும் நிலைக்காது. ஸ்டான்லி மில்லரின் குழு 1995இல் அளந்தது: 100 டிகிரி வெந்நீரில் ரைபோஸில் பாதி 73 நிமிடத்தில் அழிந்துவிடும். பிறகு ஓர் எழுத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிற நைட்ரஜன் காரத்தைச் சர்க்கரையோடு இணைக்க வேண்டும். யூராசிலும் சைட்டோசினும் ரைபோஸோடு இணைய மறுக்கின்றன. பாஸ்பேட்டோ பாறைக்குள் கால்சியத்தோடு பூட்டிக் கிடக்கிறது. இத்தனையும் கூடி வந்தாலும் கண்ணாடிப் பிம்பம் போல இடக்கை, வலக்கை என இரண்டு வடிவமும் சமமாகக் கலந்து வரும். ஒரு கை வடிவத்து இழையைப் படியெடுக்கும்போது மறுகை மூலக்கூறு நுழைந்தால் வேலை நின்றுவிடும் என்று ஜாய்ஸும் ஆர்கெலும் 1984இலேயே காட்டிவிட்டார்கள்.

கடைசியாக மெக்னீசியம். ஆர்.என்.ஏ.வுக்கு அது வேண்டும் என்று நுண்ணோக்கி மூன்று பதிவில் சொல்லிவிட்டார். முதல் செல்லின் சவ்வு எளிய கொழுப்பு அமிலத்தால் ஆனது என்கிறார்கள். மெக்னீசியம் பட்டால் அந்தச் சவ்வு திரிந்துபோகும். கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிவதை எந்தக் கிராமத்துப் பெண்ணும் பார்த்திருக்கிறாள். அதே வேதியியல்தான் இது.

ஆழம் பார்க்காமல் பிள்ளைகளை இந்த ஆற்றில் இறக்காதீர்கள், டீச்சர்.

அலைமகள் | புதன், பிற்பகல் 2.40

ஐயா, உங்கள் பதிவை அச்செடுத்து என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். நான் வேலைசெய்யும் துறை முழுவதும் இந்தப் பட்டியலோடுதான் மல்லுக்கட்டுகிறது. சிலவற்றுக்கு வழி பிறந்திருக்கிறது. சிலவற்றுக்குப் பிறக்கவில்லை.

சர்க்கரையைத் தனியாக, காரத்தைத் தனியாகச் செய்து பிறகு ஒட்ட வேண்டும் என்று நாம் எண்ணியதுதான் தடையாக இருந்தது. மான்செஸ்டரில் ஜான் சதர்லேண்டும் அவர் சகாக்களும் 2009இல் வேறு பாதையில் போனார்கள். இரண்டு கார்பன் கொண்ட எளிய ஆல்டிஹைடு, சயனமைடு போன்ற சின்ன மூலக்கூறுகளிலிருந்து தொடங்கி, பாதிச் சர்க்கரையும் பாதிக் காரமுமான ஓர் இடைப்பொருளைக் கட்டினார்கள். தனி ரைபோஸ் எந்தப் படியிலும் வரவில்லை. தனிக் காரமும் வரவில்லை. கடைசியில் கையில் கிடைத்தது முழு நியூக்ளியோடைடு. புற ஊதா ஒளி பட்டபோது வேண்டாத துணைப்பொருள்கள் சிதைந்தன. அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

73 நிமிடக் கணக்கைச் சொன்னீர்கள். அதே ஆய்வில் 0 டிகிரிக்கும் கணக்கு உண்டு: 44 ஆண்டுகள். குளிரில் இந்த வேதியியலே வேறு. கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹோலிகரின் குழு பனிக்கட்டிக்குள் ரைபோசைம்களை வைத்து வேலை வாங்கியது. நீர் உறையும்போது உப்பும் ஆர்.என்.ஏ.வும் படிகங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய நீர் இழைகளில் ஒதுங்கிச் செறிவடைகின்றன. 2013இல் இந்த வழியில் தேர்ந்தெடுத்த ஒரு ரைபோசைம் தன் நீளத்தைவிடப் பெரிய ஆர்.என்.ஏ.வை எழுதியது.

அந்த இடத்துக்கு வந்த தூரத்தையும் பாருங்கள். 1993இல் டேவிட் பார்ட்டெலும் ஜாக் சோஸ்டாக்கும் எழுத்துகளைக் கண்டபடி கோத்து 10,00,00,000 கோடிக்கும் மேற்பட்ட ஆர்.என்.ஏ.க்களை ஒரே கலவையில் செய்து, அதிலிருந்து இரண்டு துண்டுகளை ஒட்டத் தெரிந்தவற்றைப் பொறுக்கினார்கள். யாரும் வடிவமைக்காத குப்பைக் குவியலுக்குள் வேலை தெரிந்த மூலக்கூறுகள் இருந்தன! 2001இல் அந்த வழிவந்த ஒரு ரைபோசைம் 14 எழுத்துகளைப் படியெடுத்தது. 2011இல் மற்றொன்று, அதற்கு வசதியான அச்சுப்படியைக் கொடுத்தபோது, 95 எழுத்து வரை போனது. தன்னைத் தானே, வெளி உதவி இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக்கொண்டே போகும் ஆர்.என்.ஏ. என்னும் இலக்கு இன்னும் கைகூடவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

மெக்னீசியத்துக்குக் கட்டர்சினா அடமாலாவும் சோஸ்டாக்கும் 2013இல் ஒரு வழி சொன்னார்கள். சிட்ரேட் சேர்த்தால் அது மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்கிறது. சவ்வு பிழைக்கிறது. உள்ளே ஆர்.என்.ஏ. படியெடுப்பும் நடக்கிறது.

மருதநிலம் | புதன், மாலை 5.10

சிட்ரேட் எங்கிருந்து வந்தது, அம்மா? அன்றைய பூமியில் யார் எலுமிச்சை பிழிந்தார்கள்? சதர்லேண்டின் பாதையிலும் ஒவ்வொரு படிக்கும் சரியான பொருளைச் சரியான வேளையில் சேர்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது. இயற்கைக்கு அந்தக் கை எது என்பதே என் கேள்வி. ஆனால் தனி ரைபோஸ் தேவையில்லை என்ற இடத்தில் என் பழைய பாடக்குறிப்பைத் திருத்திக்கொள்கிறேன். அந்த வாதத்தை இனி நான் வைக்க மாட்டேன்.

செம்மண் | புதன், இரவு 10.25

ஆர்.என்.ஏ. தனியாகவே எல்லாவற்றையும் செய்தது என்று ஏன் நாம் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? 1953இல் மில்லர் மின்பொறி செலுத்திய குடுவையிலேயே அமினோ அமிலங்கள் கிடைத்தன. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லிலும் அவை ஏராளம். ஆர்.என்.ஏ.வின் பாகங்களைவிட எளிதில் உண்டாகும் பொருள் அது. அவை இருந்த குட்டையில் சின்னச் சின்னப் பெப்டைடுகளும் (அமினோ அமிலச் சரங்கள்) ஆர்.என்.ஏ.வும் தொடக்கத்திலிருந்தே ஒன்றையொன்று தாங்கி வளர்ந்திருக்கலாம். ஆல்ட்மனின் ஆர்.என்.ஏ.கூடச் செல்லுக்குள் இருக்கும்போது தன் புரதத்தை விட்டு வாழ முடிவதில்லை.

ஆனால் ஆர்.என்.ஏ. முன்னின்றது என்பதை நம்ப எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. இங்கே யாரும் அதைத் தொடவில்லை. செல்லின் வேதிவினைகளுக்குத் துணைநிற்கும் சிறு மூலக்கூறுகளான ஏ.டி.பி., என்.ஏ.டி., கோ-என்சைம் ஏ ஆகியவற்றின் வேதி வாய்பாட்டை அருகருகே வரைந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தான அடினோசின் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்.ஏ.டி.யில் எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் வேலை முழுவதும் மறுமுனையில் நடக்கிறது. அடினோசின் பக்கம் வேதிவினை ஒன்றுமில்லை. வெறும் கைப்பிடி. அப்படியானால் அது ஏன் அங்கே இருக்கிறது? ஹரோல்டு வைட் 1976இல் ஒரு விடை தந்தார், ரைபோசைம் கண்டுபிடிப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே: இவை பழைய ஆர்.என்.ஏ. நொதிகளின் எஞ்சிய துண்டுகள். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுகிறவர்கள் பாட்டன் காலத்து நிலையையும் கதவையும் மட்டும் எடுத்துப் புது வீட்டில் பொருத்துவதைப் போல, புரதம் வந்தபின்னும் செல் அந்தக் கைப்பிடியை விட்டுவிடவில்லை.

டி.என்.ஏ.வின் எழுத்துகளைச் செல் எப்படிச் செய்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆர்.என்.ஏ.வின் எழுத்தை முதலில் செய்து, அதிலிருந்து ஓர் ஆக்சிஜனைக் கழற்றுகிறது. நேராகச் செய்வதில்லை.

கரையோரம் | புதன், இரவு 11.02

செம்மண் அண்ணா, இப்போதுதான் நோட்டில் மூன்றையும் வரைந்து பார்த்தேன். தேர்வுக்காக நூறு முறை வரைந்த படம். ஒரு தடவைகூட இந்த ஒற்றுமை கண்ணில் படவில்லை.

வகுப்பறை | வியாழன், மாலை 6.40

எல்லோருக்கும் நன்றி. இன்று முழுப் பாடவேளையையும் இதற்கே கொடுத்தேன். செக்கின் இரண்டு குழாய்களை வரைந்து, "சாறு சேர்க்காத குழாயிலும் வெட்டப்பட்டிருக்கிறது, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "குழாயைக் கழுவிவிட்டுத் திரும்பச் செய்வோம்" என்றான் ஒருவன். "கொதிக்க வைப்போம்" என்றாள் இன்னொருத்தி. அவர்களாகவே அங்கே வந்து சேர்ந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மருதநிலம் ஐயா சொன்ன தடைகளையும் விடாமல் சொன்னேன். பலகையின் இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'கணித்தது'. ரைபோசோம் இடப்பக்கம் போயிற்று. ஆர்.என்.ஏ. உலகம் வலப்பக்கம். அடினோசின் கைப்பிடியை எங்கே எழுதுவது என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. கைப்பிடி இருப்பது கண்டது, அதன் காரணம் கணித்தது என்று இரண்டு பக்கத்திலும் எழுதினோம்.

என் மாணவி மறுபடி ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். "ஆர்.என்.ஏ. செய்த வேலையைப் புரதம் பிடுங்கிக்கொண்டது என்கிறீர்கள். அப்படிக் கைமாறியதற்கு இன்றைக்கும் காட்டக்கூடிய உதாரணம் உண்டா? இருந்தால் இடப்பக்கம் எழுதலாமே."

நுண்ணோக்கி | வியாழன், இரவு 8.55

உண்டு. அவள் உடம்பிலேயே உண்டு.

ஆல்ட்மனின் ஆர்.என்.ஏ.ஸ் பி நொதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவில் ஓர் ஆர்.என்.ஏ., ஒரு புரதம். மனிதச் செல்லின் உட்கருவிலும் அதன் வழித்தோன்றல் இருக்கிறது. அங்கேயும் நடுவில் ஓர் ஆர்.என்.ஏ., ஆனால் சுற்றிலும் சுமார் பத்துப் புரதங்கள். இப்போது அதே செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போங்கள். அங்கும் கடத்து ஆர்.என்.ஏ. உண்டாகிறது. அதன் முன்முனையும் வெட்டப்பட வேண்டும். 2008இல் வியன்னாவில் ஓர் ஆய்வுக் குழு அந்த நொதியைப் பிரித்துப் பார்த்தது. மூன்று புரதங்கள். ஆர்.என்.ஏ. அறவே இல்லை.

மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது. அந்த மூதாதைப் பாக்டீரியா தன் ஆர்.என்.ஏ. நொதியோடுதான் நம் செல்லின் மூதாதைக்குள் நுழைந்திருக்கும். பிறகு எப்போதோ புரதம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு ஆர்.என்.ஏ.வை வெளியேற்றிவிட்டது. ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவிலோ பழைய ஆர்.என்.ஏ. இன்றும் வேலைசெய்கிறது.

மருதநிலம் | வியாழன், இரவு 9.20

டீச்சர், ஒரே செல்லில் ஒரே வேலை, இரண்டு அறைகளில் இரண்டு வேறு பொருள். இடப்பக்கம் எழுதுங்கள். எந்தக் கால அளவில் கைமாறியது என்பதை மட்டும் வலப்பக்கம் வையுங்கள்.

வகுப்பறை | வியாழன், இரவு 9.34

நாளை மூன்றாம் பாடவேளை எனக்குத்தான். உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் அருகருகே பெரிதாக வரைந்து வைக்கிறேன். சுண்ணக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன்.